ஓடும் கெர்னலுக்கு ஒரு ஆடிட்டர்: கே-புரோப்ஸ் கதை



எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் 'போர்ட்' என்றால் கப்பல் நிற்கும் இடம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கமே காமராசர் துறைமுகம். ஆனால் கணினிக்காரர்கள் 'போர்ட் பண்ணுவது' என்று சொல்வது வேறு. ஒரு வகை பிராசசருக்கு எழுதிய மென்பொருளை இன்னொரு வகையில் ஓட வைப்பதுதான் அது. பி.காம் படிப்பவருக்கு இது எதற்கு என்கிறீர்களா? ஆடிட்டிங் பாடம் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கதையே புரிந்தது!

ஒரு கடையில் கணக்கு உதைக்கிறது. கடையை மூடிவிட்டு சரக்கை எண்ணலாம். அல்லது வியாபாரம் நடக்கும்போதே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு பில்லையும் குறிக்கச் சொல்லலாம். லினக்ஸின் மையமான கெர்னலில் கோளாறு தேட வெகுகாலம் முதல் வழிதான் கைகொடுத்தது. சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வரி சேர்த்து, கெர்னலை மறுபடி கம்பைல் செய்து, மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வங்கி சர்வரை அப்படி நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா?

ஐபிஎம் நிறுவனத்தின் பழைய ஓஎஸ்/2 இயங்குதளத்தில் இரண்டாவது வழி இருந்தது. அதை 2000-ல் 'டி-புரோப்ஸ்' என்ற பெயரில் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படைப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அக்டோபர் 2002-ல் 'கே-புரோப்ஸ்' எழுதியவர் வம்சி கிருஷ்ணா. 2004-ல் பிரசன்னா பஞ்சமுகியும் சுபர்ணா பட்டாச்சார்யாவும் அதை மேம்படுத்தினார்கள். மூவரும் ஐபிஎம்மின் பெங்களூர் குழுவினர். அதே வருடம் அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.9-ல் அது சேர்ந்தது. இவர்கள் பெயர்கள் இன்றும் அந்தக் கோப்பின் தலைப்பில் இருக்கின்றன.

வேலை செய்யும் விதம் எளிது. கவனிக்க வேண்டிய இடத்தில் உள்ள ஆணையை எடுத்து வைத்துவிட்டு, அங்கே 'நில்' என்ற ஆணையைப் போடுகிறது. பிராசசர் அங்கே வந்து நின்றதும் நமக்கு வேண்டியதைக் குறித்துக்கொள்கிறது. பிறகு எடுத்து வைத்த ஆணையை மட்டும் தனியாக ஓட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறது. கடை மூடவே இல்லை!

சிக்கல் எங்கே என்றால், 'நில்' என்பதை ஒவ்வொரு பிராசசருக்கும் அதனதன் மொழியில் சொல்ல வேண்டும். இன்டெல் எக்ஸ்86-ல் ஒரு ஆணை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். 'நில்' 1 பைட். பவர்பிசியில் எல்லாமே 4 பைட். அதற்கு நவம்பர் 2004-ல் போர்ட் செய்தவர் அனந்த் மாவினகாயனஹள்ளி. இட்டானியத்தில் 16 பைட் மூட்டைக்குள் மூன்று ஆணைகள்! அதை 2005-ல் முடித்தவர்கள் இன்டெல்லின் அனில் கேசவமூர்த்தியும் ரஸ்டி லிஞ்சும்.

ஏஆர்எம் கதை இன்னும் சுவாரசியம். ஒரே ஒரு ஆணையை ஓட்டிவிட்டு நிற்கும் வசதி 32 பிட் ஏஆர்எம்மில் இல்லை. அதனால் அந்த ஆணை செய்யும் வேலையை மென்பொருளே செய்து காட்ட வேண்டும். மோட்டோரோலாவின் அபிஷேக் சாகர் தொடங்கிய அந்த வேலை 2008-ல் லினக்ஸ் 2.6.25-ல் சேர்ந்தது.

இப்போது நம்ம சென்னைக்கு வருவோம். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' பிராசசர், ரிஸ்க்-வி வகையைச் சேர்ந்தது. 2018-ல் அந்தச் சிப்பில் லினக்ஸ் பூட் ஆனபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் அன்றைய லினக்ஸில் ரிஸ்க்-வி வகைக்குக் கே-புரோப்ஸ் கிடையாது! அந்த வருடம் பேட்ரிக் ஸ்டாலின் என்பவர் ஒரு முயற்சி செய்திருந்தார். அதன் மேல் வேலை செய்து முடித்தவர் சீனாவின் அலிபாபா நிறுவனத்தில் இருந்த குவோ ரென். ஏப்ரல் 2021-ல், லினக்ஸ் 5.12-ல்தான் அது வந்தது. இதிலும் ஒரு ஆணையோடு நிற்கும் வசதி கெர்னலுக்கு இல்லை. எனவே எடுத்து வைத்த ஆணைக்குப் பின்னாலேயே இன்னொரு 'நில்' போட்டுவிட்டார்கள். எவ்வளவு எளிய தந்திரம் பாருங்கள்!

பெங்களூரில் எழுதிய கருவி, சென்னையில் வடிவமைத்த சிப்பின் வகைக்கு, சீனா வழியாக வந்து சேர்ந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஓப்பன் சோர்ஸ் என்றாலே அப்படித்தான். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. சிப் செய்தால் பேப்பரில் போட்டோ வருகிறது. போர்ட் செய்பவருக்குக் கோப்பின் தலைப்பில் ஒரு வரி மட்டும்தான். தணிக்கை செய்ய முடியாத கம்பெனியில் யாராவது பணம் போடுவார்களா? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத சிப்பும் அப்படித்தான். அந்தப் பார்வையைக் கொடுப்பவர்கள் இந்தப் போர்ட் செய்பவர்கள். 2004-ல் இந்த வேலையில் முன்னால் நின்றவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்த சிப்புக்கும் அப்படியே இருக்க வேண்டாமா?

சி.எஸ். படிக்கும் நண்பர்களே, கொஞ்சம் யோசியுங்கள். கணக்குப் பார்க்க நாங்கள் இருக்கிறோம்!