முதல் பத்துத் தோல்விகள்: உத்தி விளையாட்டுகள் புதியவரைத் தக்கவைத்த வரலாறு

1998 மார்ச்சில் வெளியான ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் ‘ஃபோர் பூல்’ என்றொரு தாக்குதல் உண்டு. ஸெர்க் இனத்தை எடுத்தவர் புதிதாக ஒரு தொழிலாளியைக்கூட உருவாக்காமல், தொடக்கத்தில் கிடைத்த நால்வரை மட்டும் வைத்துக்கொண்டு, சேரும் முதல் 200 மினரலையும் (கனிம வளம்) படைக்கான கட்டடமான ஸ்பானிங் பூல் கட்டுவதில் போட்டுவிடுவார். சிறிது நேரத்தில் ஆறு ஸெர்க்லிங் போர்ப்பிராணிகள் எதிராளியின் வாசலில் நிற்கும். பழகியவர் தன் தொழிலாளிகளைத் திரட்டி நின்று சமாளிப்பார். அன்றுதான் விளையாட்டை நிறுவிய புதியவருக்கோ ஆட்டம் தொடங்கிய வேகத்திலேயே முடிந்துவிடும். எதனால் தோற்றோம் என்பதுகூடத் தெரியாமல் அவர் கணினியை அணைப்பார்.

அவர் மறுநாள் திரும்பி வருவாரா? பலர் கூடி ஆடும் உத்தி விளையாட்டுகளின் ஆயுளே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இவ்வகை ஆட்டத்தில் தொடக்கத்தில் விழும் சிறு இடைவெளி, வட்டி குட்டி போடுவதுபோல வளர்ந்துகொண்டே போகும். முதல் ஐந்து நிமிடத்தில் நான்கு தொழிலாளிகள் குறைவு என்றால், பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு படையே குறைவு. கடைசி நேர அதிர்ஷ்டம் கைகொடுப்பது அரிது. தோற்ற புதியவர் விலகினால், அவருக்கு ஒரு படி மேலே இருந்தவர் அடிமட்டத்துக்கு வருவார். நாளடைவில் அவரும் விலகுவார். எனவே புதியவரைக் காப்பது பழையவரின் தேவையும்கூட. இதற்காகக் கையாளப்பட்ட வழிகள் காலப்போக்கில் மாறி வந்திருக்கின்றன. வலியவரின் பலத்தைக் குறைப்பது, சமமானவரைத் தேடித் தருவது, தாக்குதலைத் தள்ளிப்போடுவது, ஆட்டத்துக்குள் ஒளிந்திருந்த அறிவைத் திறந்து காட்டுவது என்று அவற்றை வகுக்கலாம். இவற்றுள் கடைசி வழியே மற்ற மூன்றையும் பயனுள்ளதாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காயை விட்டுக்கொடுத்த காலம்

கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பலகை ஆட்டங்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. கோ ஆட்டத்தில் 19 கோடுகளுக்கு 19 கோடுகள் கொண்ட பலகையில் ஒன்பது புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கும். வலியவரோடு ஆடும் கற்றுக்குட்டி, ஆட்டம் தொடங்கும் முன்பே அந்தப் புள்ளிகளில் தன் கற்களை வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் இடையே உள்ள திறன் இடைவெளியைப் பொறுத்து இரண்டு முதல் ஒன்பது கற்கள் வரை அனுமதி உண்டு. ஜப்பானின் ஷோகியில் இதற்கு நேர்மாறான வழக்கம்: வலியவர் தன் காய்களில் சிலவற்றை எடுத்துவிட்டு ஆடுவார். 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஹோனின்போ தோசாகு கோ ஆட்டக்காரர்களுக்குத் தரநிலைகளை வகுத்தபோது, யார் யாருக்கு எவ்வளவு விட்டுத்தர வேண்டும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு பிறந்தது.

செஸ்ஸிலும் 19ஆம் நூற்றாண்டில் இது சாதாரண வழக்கம். ஐரோப்பிய வெற்றிகளுக்குப் பிறகு 1859இல் அமெரிக்கா திரும்பிய பால் மார்ஃபி, ஒரு சிப்பாயையும் முதல் நகர்த்தலையும் விட்டுக்கொடுத்தே இனி ஆடுவேன் என்று அறிவித்தார்.

இம்முறையில் புதியவர் தன்னைவிடப் பன்மடங்கு வலியவரோடு அமர்ந்து, கடைசிவரை உயிருள்ள ஆட்டத்தை ஆட முடிந்தது. எதிரே இருப்பவர் ஆட்டம் முடிந்ததும் பிழையைச் சுட்டிக்காட்டவும் செய்வார். பிற்காலக் கணினி விளையாட்டுகள் நெடுநாள் தொலைத்திருந்தது இந்த இரண்டாவது பயனைத்தான்.

எண்ணால் அளந்தவர்கள்

ஆட்டக்காரர்கள் பெருகியபோது, யார் யாருக்குச் சமம் என்று ஒருவர் கண்ணால் கணிப்பது இயலாமல் போனது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாட் ஈலோ இதற்கு ஒரு கணக்கை வகுத்தார். 1960இல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும், 1970இல் உலக அமைப்பான ஃபிடேயும் அதை ஏற்றன. இக்கணக்கின்படி 200 புள்ளிகள் மேலே இருப்பவர் நூறு ஆட்டங்களில் சுமார் 76 வெற்றிப் புள்ளிகள் எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். இடைவெளி 400 ஆனால் அது சுமார் 91 ஆகும்.

புதியவர் விஷயத்தில்தான் இக்கணக்கு தடுமாறியது. ஆடியே இராதவருக்கு எந்த எண்ணைத் தருவது? ஃபிடே புதியவரின் முதல் 30 ஆட்டங்கள் வரை அவரது புள்ளி வேகமாக ஏறி இறங்கும்படி விதி வைத்தது. 1995இல் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறை இன்னும் ஒரு படி மேலே சென்றது. புள்ளியோடு அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்ற அளவையும் அது சேர்த்தது. புதியவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு என்பதே ஒரு தகவலாகக் கணக்கில் ஏறியது.

வாய்மொழி ஒப்பந்தங்கள்

இத்தனை அறிவு கைவசம் இருந்தும், 1990களின் பிற்பகுதியில் இணையத்துக்கு வந்த உத்தி விளையாட்டுகளில் புதியவரின் நிலை திறந்தவெளிதான். அறைகளின் பட்டியல் ஒன்று திரையில் ஓடும். எந்த அறைக்குள் எவர் காத்திருக்கிறார் என்பது தெரியாது. ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்தார்கள். ‘20 நிமிடம் ரஷ் (தொடக்கத் தாக்குதல்) கிடையாது’ என்று அறைக்குப் பெயர் வைத்தார்கள். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒருவர் வாக்கை மீறிப் படையோடு வந்தால் தடுக்க வழியில்லை. இருந்தும் இந்த வழக்கம் பரவியது. நிதானமாகக் கட்டி எழுப்பிப் பார்க்கும் ஆசை புதியவர்களிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு இது சான்று. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற உத்தி விளையாட்டு வரிசையில் பின்னர் வந்த ‘ட்ரீட்டி’ முறை, இந்த வாய்மொழி ஒப்பந்தத்தை விளையாட்டின் விதியாகவே ஆக்கியது.

ஜெர்மனியில் 2004இல் தோன்றிய டிராவியன் போன்ற பிரவுசர் விளையாட்டுகள் தொடக்க நாட்களில் புதியவரின் கிராமத்தை யாரும் தாக்க முடியாதபடி காப்பு அளித்தன. அந்தக் காப்பு முடியும் நாளில் அவர் அண்டையில் இருப்பவர்கள் படையோடு காத்திருப்பார்கள். கூட்டணி ஒன்றில் சேர்ந்திருந்தவர் தாக்குப்பிடித்தார். தனியே நின்றவர் கொள்ளை போனார். தள்ளிப்போடுவதால் மட்டும் திறன் வந்துவிடாது என்பது இங்கே வெளிப்பட்டது.

இயந்திரம் தேடித் தந்த எதிராளி

2002 ஜூலையில் வந்த வார்கிராஃப்ட் 3 அறைப் பட்டியலோடு நிற்கவில்லை. பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழச் சம நிலையில் உள்ள எதிராளியை அதுவே தேடித் தந்தது. மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ரால்ஃப் ஹெர்ப்ரிச், டாம் மின்கா, தோரே கிரேபல் ஆகியோர் எக்ஸ்பாக்ஸ் லைவுக்காக ட்ரூஸ்கில் முறையை உருவாக்கினர். அதில் புதியவரின் சராசரி மதிப்பீடு 25. ஐயத்தின் அளவு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஐயத்தை மும்மடங்காக்கிக் கழித்துத்தான் தரம் காட்டப்படும் என்பதால், ஒவ்வொருவரும் பூஜ்ஜியத்திலிருந்து மேலேறுவதாகவே உணர்வார்.

இந்தச் சிறு ஏற்பாட்டின் மதிப்பு, அது இல்லாத இடத்தில் தெரியும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷனில் எல்லோரும் 1000 புள்ளியில் தொடங்குகிறார்கள். அந்த நிலையில் ஏற்கெனவே நன்கு பழகியவர்கள் நிறைந்திருப்பதால், முழுப் புதியவர் தன் உண்மையான இடத்துக்கு இறங்கும்வரை வரிசையாகத் தோற்க நேரும். சமமான எதிராளி அவருக்காகக் கீழே காத்திருப்பதை யாரும் சொல்வதில்லை.

2010 ஜூலையில் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 இதற்கொரு பயிற்சி லீக்கை வைத்தது. முதல் 50 ஆட்டங்கள் வரை, தாக்கும் பாதைகளைப் பாறைகள் அடைத்திருக்கும் வரைபடங்களில் புதியவர் ஆடலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பாறைக்குப் பின்னே கற்ற பழக்கம், பாறை இல்லாத வரைபடத்தில் முதல் தாக்குதலிலேயே நொறுங்கியது. 2013இல் அதன் விரிவாக்கமான ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம் வந்தபோது, கணினியை எதிர்த்துப் படிப்படியாகப் பழகும் பயிற்சியும், தரவரிசையைத் தொடாத ஆட்டங்களும் அதன் இடத்துக்கு வந்தன.

ஒளிந்திருந்த பாடம்

திருப்பம் இதற்கு முன்பே, சத்தமில்லாமல் நடந்திருந்தது. 2001இல் ஸ்டார்கிராஃப்டின் 1.08 பதிப்பு ரீப்ளே வசதியைக் கொண்டுவந்தது. முடிந்த ஆட்டத்தை எதிராளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க முடிந்தது. முன்பு பலகையின் மறுபுறம் அமர்ந்திருந்த ஆசான் செய்த வேலையை இந்தக் கோப்பு ஓரளவு செய்தது. 2009இல் ‘டே நைன்’ என்று அறியப்படும் ஷான் பிளாட் இணையத்தில் அன்றாட நிகழ்ச்சி தொடங்கி, புதியவர்களுக்கென்றே ‘நியூபி டியூஸ்டே’ பகுதியை நடத்தினார். ‘டி90’ என்ற வர்ணனையாளர் குறைந்த புள்ளி உள்ளவர்களின் ஆட்டங்களுக்கு ‘லோ ஈலோ லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு, பெரிய போட்டிக்குரிய உற்சாகத்தோடு வர்ணித்தார். அடிமட்டத்தில் ஆடுவதும் ஆட்டம்தான் என்ற மதிப்பு புதியவருக்குக் கிடைத்தது.

2019 நவம்பரில் வந்த டெஃபினிடிவ் எடிஷன், அதுவரை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பரிமாறிய நுட்பங்களை ‘ஆர்ட் ஆஃப் வார்’ என்ற பயிற்சிகளாக விளையாட்டுக்குள்ளேயே வைத்தது. செயல்திறனுக்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கப் பதக்கம். 2022 ஏப்ரலில் திராவிடர் நாகரிகமும் ராஜேந்திர சோழன் கதைத் தொடரும் இந்த விளையாட்டில் சேர்ந்தன. உருமி வீரனையும் திரிசடை கப்பலையும் பார்க்கும் ஆவலில் உள்ளே வந்த தமிழ் இளைஞருக்கும் அதே பாடங்கள் காத்திருந்தன.

அந்தப் பாடம் என்னவென்று ஒரு ரீப்ளேயைத் திறந்தால் தெரியும். பெரும்பாலான நாகரிகங்கள் மூன்று வில்லேஜர்கள் (தொழிலாளிகள்), ஒரு ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), 200 உணவோடு தொடங்குகின்றன. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 நொடி. வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டர் ஒரு நொடிகூட ஓய்வெடுக்காவிட்டால், ஆட்டக் கடிகாரத்தின் பத்தாவது நிமிடத்தில் 24 பேர் புதிதாக வந்திருப்பார்கள். முதல் மூவரோடு 27. தோற்றவர் தன் ரீப்ளேயில் அதே பத்தாவது நிமிடத்தை நிறுத்திப் பார்க்கிறார்: 18 பேர். தன்னை வீழ்த்தியது எதிராளியின் குதிரைப் படை என்று நினைத்திருந்தார். பின்னோக்கி ஓட்டுகிறார். மூன்றாவது நிமிடத்தில், புதிதாக வருபவர்களுக்கு இடம்தரும் வீட்டைக் கட்ட மறந்ததால் டவுன் சென்டர் நின்றிருக்கிறது. ஆறாவது நிமிடத்தில் காட்டுப்பன்றியை இழுத்துவரப் போன வில்லேஜரையே பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி நின்றிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் அவர் முதல் வேலையாக இரண்டு வில்லேஜர்களை வீடு கட்ட அனுப்புகிறார்.