பிராந்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள்

தைப்பொங்கல் வந்தால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறும். நம்மூர்ப் பட்டங்களில் பிராந்துப் பட்டம் என்றே ஒரு வகை உண்டு. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரப் பறவையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. இன்று அதன் வரலாறு கொஞ்சம். பட்டத்தில்தான் வந்து நிற்கும், பொறுமையாக வாசியுங்கள்.

வேட்டைப் பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பது புதிய விடயம் அல்ல. பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று ஸூரா அல்மாயிதாவின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. நம் முன்னோர் ராஜாளிகளைப் பழக்கினார்கள், அவற்றின் நோய்களையும் எழுதிவைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் சிசிலியிலிருந்து ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், மோஅமின் என்பவரின் பெயரில் வழங்கிய அரபு நூலொன்றை அந்தியோக்கியாவின் தியோடர் என்ற அறிஞரைக் கொண்டு லத்தீனில் பெயர்த்தார். ராஜாளிகளின் நோயும் மருந்தும்தான் அதில் பெரும்பகுதி. ஐரோப்பா அதைப் பல காலம் படித்தது. 1999 இல் அபுதாபியில் ராஜாளிகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை திறந்தார்கள்.

ஆனால் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பறவைகளுக்குச் சொந்தக்காரர் இருந்தார், விலை இருந்தது. பிராந்துக்கு இரண்டும் இல்லை. குப்பையில் இரை தேடும் பறவையை யார் கையுறையில் ஏற்றுவார்? இஹ்ராம் நிலையிலும் கொல்ல அனுமதியுள்ள ஐந்து பிராணிகளைச் சொல்லும் ஹதீஸில் பிராந்தும் இருக்கிறது. அது அனுமதி, கட்டளை அல்ல. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதும் ஹதீஸில்தான் இருக்கிறது.

பழைய டெல்லியில் முஸ்லிம்கள் நேர்ச்சையாகவும் ஸதகாவாகவும் பிராந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை மேலே எறிவார்கள். அந்த நகரத்தில் வளர்ந்த சகோதரர்கள் நதீம் ஷெஹ்ஸாதும் முஹம்மத் ஸவூதும் இளவயதில் காயம்பட்ட பிராந்தொன்றைக் கண்டெடுத்தார்கள். செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைனப் பறவை வைத்தியசாலை, அது இறைச்சி தின்னும் பறவை என்று ஏற்கவில்லை. ஜைனர்களைக் குறை சொல்வது எளிது. இறைச்சி கொடுக்காமல் பிராந்தை வைத்துப் பராமரிக்க முடியாது. அவர்களது அஹிம்சை அதற்கு இடங்கொடாது. அந்த வேலையை இறைச்சி உண்ணும் யாரோதான் செய்ய வேண்டியிருந்தது.

சகோதரர்கள் செய்தார்கள். உடற்பயிற்சிப் பைத்தியமாக இருந்த காலத்தில் படித்த தசை, தசைநார் விடயங்கள் கைகொடுத்தன. கையலம்பும் திரவ சவர்க்காரத்துக்கான கருவி செய்து விற்பது குடும்பத் தொழில். வஸீராபாத் வீட்டின் நிலவறையில் அந்தக் கருவிகளுக்கு நடுவிலேயே இறக்கை தைத்தார்கள். 2010 இல் அது வைல்ட்லைஃப் ரெஸ்கியூ என்ற நிறுவனமாயிற்று. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட பறவைகள் அவர்கள் கையால் கடந்திருக்கின்றன. ஷௌனக் சென் அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2022 இல் சன்டான்ஸிலும் கானிலும் விருது பெற்றது.

அங்கே வரும் பறவைகளில் பெரும்பாலானவற்றை வெட்டியது பட்ட நூல். ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தை ஒட்டி டெல்லியில் பட்டப் போட்டி. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா இறக்கையில் சுற்றும். பறவை விடுபட அடித்துக்கொள்ள, அடித்துக்கொள்ள அது தசைநார் வரை இறங்கும். எலும்பு முறிந்தால் கூடும். தசைநார் அறுந்தால் அந்தப் பறவை பெரும்பாலும் திரும்பப் பறக்காது. கண்ணாடி பூசிய மாஞ்சாவுக்கும் நைலோன் மாஞ்சாவுக்கும் 2017 இல் இந்தியாவில் தடை வந்தது. விற்பனை நிற்கவில்லை.

இனி நம் பக்கம். டெல்லிப் பிராந்தான கரும்பிராந்து இலங்கையில் எல்லா இடத்திலும் இல்லை. வடக்கு, வடமேற்குக் கரையோரத்தில்தான் முக்கியமாக இருக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் அதைக் காணலாம். செம்பிராந்தை நம் இந்துச் சகோதரர்கள் கருடன் என்று கும்பிடுகிறார்கள். நாம் விண் பூட்டி ஏற்றும் பட்டம் மற்றவன் பட்டத்தை வெட்ட அல்ல, அழகுக்கும் சத்தத்துக்கும்தான். ஆனாலும் அறுந்த தங்கூசி பனை வட்டிலும் மின்கம்பியிலும் தொங்கும், அது உக்காது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பருத்தி நூலில் ஏற்றட்டும், அறுந்த நூலைச் சுருட்டி எடுத்து வரட்டும். நூலில் சிக்கிய பிராந்தைக் கண்டால் இழுக்க வேண்டாம், இழுத்தால் வெட்டு ஆழமாகும். முதலில் துணியால் தலையை மூடுங்கள், இருட்டில் அது அடங்கும். அலகை விட நகத்துக்குப் பயப்படுங்கள். பறவையோடு சேர்த்தே நூலை வெட்டி, காற்றுத் துளையுள்ள காட்போட் பெட்டியில் வையுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.