ஏறியது சரி, நின்றது யார்?

மலர்க்குழு நண்பர்கள் "நீங்க ஹிஸ்டரி குரூப்தானுங்களே, ஏதாவது சரித்திரம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சேர சோழ பாண்டியர்களைப் பற்றி எழுத நம் பழைய மாணவர்களிலேயே பேராசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அடியேனோ பட்டம் வாங்கிய கையோடு அருள்புரத்தில் நாலு பவர் டேபிள் போட்டு பனியன் தைக்க உட்கார்ந்தவன். ஆகவே எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையும் சேர்த்து இந்தச் சிறு சரித்திரத்தை எழுதுகிறேன். பிடித்தது கால்பந்து. தெரிந்தது, பெரிய கம்பெனிக்காரர்கள் இருக்கிற அதே சந்தையில் சின்ன ஆள் எப்படி நிற்பது என்ற கேள்வி. திருப்பூர்க்காரனுக்கு அது தினசரிப் பாடம்.

மலை மேல் ஒரு அணி

மிசோரம் மாநிலம் முழுவதையும் சேர்த்தாலும் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 11 லட்சம். நம் திருப்பூர் மாவட்டம் மட்டுமே 24 லட்சத்துக்கு மேல். அதாவது நம் மாவட்டத்தில் பாதிகூட இல்லாத மாநிலம் அது. அதன் தலைநகரான ஐஸ்வாலில் 1984-ல் தொடங்கிய கிளப் ஐஸ்வால் எஃப்.சி.

அந்த நாளில் நாட்டின் முதல் நிலைப் போட்டி ஐ-லீக். பழைய தேசிய லீகுக்குப் பதிலாக 2007-ல் வந்தது. கீழே இரண்டாம் டிவிஷன். அங்கே ஜெயித்தால் மேலே ஏறலாம். மேலே தோற்றால் கீழே இறங்க வேண்டும். 2015-ல் ஐஸ்வால் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது. எதிரே யார் யார்? 1889-ல் பிறந்த மோகன் பகான், 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். இரண்டும் கொல்கத்தாவின் மகா பெரிய கிளப்புகள். இன்னொரு பக்கம், ஜிந்தால் குழுமம் 2013-ல் தொடங்கி முதல் பருவத்திலேயே பட்டம் தட்டிய பெங்களூரு எஃப்.சி.

முதல் வருஷம் (2015-16) ஐஸ்வாலுக்கு 9 அணிகளில் 8-வது இடம். கடைசி இடம் புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் அணிக்கு. ஆனால் இறக்கப்பட்டது எட்டாவதாக வந்த ஐஸ்வால்! ஏனென்றால் சிவாஜியன்ஸ் கம்பெனி ஆதரவோடு நேரடி நுழைவு பெற்ற அணி. அதற்குத் தரமிறக்கத்திலிருந்து விலக்கு இருந்தது. படி ஏறி வந்தவன் இறங்க வேண்டும், லிஃப்டில் வந்தவன் இருக்கலாம் என்ற கதைதான். அதே பருவத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம் வரை போய், மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றதும் இந்த அணிதான்.

அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. கோவா கிளப்புகள் நிர்வாகத்தோடு முரண்பட்டு ஐ-லீகை விட்டு விலகின. காலி இடத்தில் ஐஸ்வாலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளராகக் காலித் ஜமீல் வந்தார். பல ஆண்டுகள் மும்பை எஃப்.சி.யை நடத்தி, அங்கிருந்து அனுப்பப்பட்டவர். தன்னோடு ஆடிய சில மும்பைப் பையன்களையும், சிரியாவின் மஹ்மூத் அம்னா போன்ற சில வெளிநாட்டவரையும், உள்ளூர் மிசோ இளைஞர்களையும் கலந்து ஓர் அணி கட்டினார். அணியின் ஆண்டுச் செலவு சுமார் 2 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. பெரிய கிளப்புகள் செலவழித்ததோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

2017 ஏப்ரல் 22 அன்று ஐஸ்வாலில் மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். கோல் போட்டவர் சோமிங்லியானா ரால்டே. ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் கடைசி ஆட்டம். ஒரு புள்ளி கிடைத்தால் போதும். லஜோங் அணி முதலில் கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். ஆட்டம் 1-1. ஐஸ்வால் 37, மோகன் பகான் 36. முந்தின வருஷம் இறக்கப்பட்ட அணி இந்தியச் சாம்பியன்! 2016-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி, மேலே ஏறிய இரண்டாவது ஆண்டிலேயே பட்டம் வென்ற கதையை எல்லோரும் நினைவுபடுத்தினார்கள். ஜமீலை அனுப்பிய மும்பை எஃப்.சி. அதே பருவத்தில் கடைசி இடம். காலம் கணக்குத் தீர்க்கும் விதத்தைப் பாருங்கள்.

கோவையில் ஒரு பட்டம்

அடுத்த கதை நமக்குப் பக்கத்தில் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17-ல் ஐ-லீகுக்கு வந்தது. படி ஏறி அல்ல, நேரடி நுழைவில். பெயர் சென்னை என்றாலும், பட்டம் வென்ற வருஷம் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். முதல் இரண்டு பருவமும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கிடந்தார்கள். அணியின் சிறந்த வீரரான கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜை 2018-ல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. கொண்டுபோய்விட்டது. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் வேறு கணக்குப் போட்டார். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ் என்று ஸ்பெயினிலிருந்து அதிகம் பெயர் தெரியாதவர்களை அழைத்து வந்தார். கூடவே எட்வின் வான்ஸ்பால் போன்ற நம் தமிழ்நாட்டுப் பையன்கள். மான்சி மட்டும் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி நாள், சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். தொழிலாளிகள் வரிசையில் நிற்கும்போது முதலாளி மேட்ச் பார்க்கப் போக முடியுமா? எங்கள் செக்கிங் பிரிவுப் பையன் செல்போனைப் பண்டல் மேல் சாய்த்து வைத்தான். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் போட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், நம் ஆட்கள் ஜெயித்தே ஆக வேண்டும். இரண்டாம் பாதியில் மான்சி ஒரு பெனால்டி. பின்பு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது. ஆனால் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி! அன்றைக்குச் சம்பளம் எண்ணும்போது இரண்டு தடவை கணக்குத் தப்பிப்போய் மறுபடி எண்ணினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏணியை எடுத்துவிட்டார்கள்

இனிமேல்தான் நண்பர்களே, கசப்பான பகுதி. 2014-ல் பணக்கார உரிமையாளர்களோடும் சினிமா நட்சத்திரங்களோடும் ஐ.எஸ்.எல். தொடங்கியது. 2017-18-ல் அதுவும் ஐ-லீகும் ஒரே நேரத்தில் நடந்தன. பெங்களூரு அங்கே தாவியது. ஐ-லீக் சாம்பியனான ஐஸ்வாலுக்கு அங்கே இடமில்லை. உள்ளே போக ஆண்டுக்கு 15 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகளில் அடிபட்டது. 2 கோடியில் அணி நடத்துகிறவர்கள் 15 கோடிக்கு எங்கே போவார்கள்? ஐஸ்வால்காரர்கள் போராடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2019-ல் ஐ.எஸ்.எல். முதல் நிலை ஆயிற்று, ஐ-லீக் கீழே போயிற்று. மூன்று சின்ன அணிகள் வரிசையாகப் பட்டம் வென்ற (2017 ஐஸ்வால், 2018 மினர்வா, 2019 சென்னை சிட்டி) அதே நேரத்தில்தான் மேலே போகிற ஏணி காணாமல் போனது. ஐ-லீகை வென்று மேலே ஏறும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. அதில் முதலில் ஏறியது யார்? அந்தப் பழைய மினர்வாவேதான். ஆனால் அதற்குள் ரவுண்ட்கிளாஸ் என்ற பணக்கார நிறுவனத்தின் கைக்கு மாறி, பஞ்சாப் எஃப்.சி. ஆகியிருந்தது.

ஆட்களும் போனார்கள். ஜமீலும் அம்னாவும் ஈஸ்ட் பெங்காலுக்கு. நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, எட்வின் சென்னையினுக்கு, மான்சி 2020-ல் ஜப்பானுக்கு. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நம்மிடம் சிங்கர் பழகிய பையன், பக்கத்துப் பெரிய கம்பெனி பீஸுக்கு நாலு காசு கூடக் கொடுத்தால் போகத்தானே செய்வான்? (ஜமீல் 2025-ல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார் என்பது மகிழ்ச்சியான செய்தி.)

இருவரில் நின்றது யார்?

இரண்டு அணியும் சின்ன அணி. இரண்டும் ஒரே புள்ளி வித்தியாசத்தில் கொல்கத்தாவைத் தோற்கடித்தவை. சென்னை சிட்டியில் சுவிட்சர்லாந்தின் பேசல் கிளப்கூட 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆனாலும் 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஐஸ்வாலோ தட்டுத் தடுமாறியும் 2024-25 பருவம் முழுக்க ஐ-லீக்கில் ஆடி, இறங்காமல் தப்பித்தது.

ஏன் இந்த வித்தியாசம்? எனக்குப் பதில் அருள்புரத்திலேயே கிடைத்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டுச் சாயக்கழிவும் வெளியே விடக் கூடாது. ஆற்றையும் கிணற்றையும் நாம் படுத்திய பாட்டுக்கு நியாயமான உத்தரவு அது. பெரிய ஆலை தனக்கென்று சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொள்ளும். சின்னப் பட்டறைக்காரன் தனியாகக் கட்டினால் கடனிலேயே மூழ்குவான். பலர் கூட்டுச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தியதால்தான் பிழைத்தார்கள். அப்படி ஒன்று நம் அருள்புரத்திலும் இருக்கிறது. தனியாகத் தாங்க முடியாத செலவைப் பொதுவில் தாங்கு. துணிக்குச் சாயம் ஏற்றுகிற திறமையில் மட்டும் தனியாகப் போட்டி போடு.

மிசோரத்திலும் அதுதான் நடந்தது. அங்கே தெருவுக்குத் தெரு, அவர்கள் பாஷையில் 'வெங்', கிளப் இருக்கிறது. 2012-லிருந்து மிசோரம் பிரீமியர் லீக் என்று சொந்த லீக். உள்ளூர்த் தொலைக்காட்சி அதைக் காட்டியது. செயற்கைப் புல் மைதானம் அரசாங்கம் போட்டது. 2014-ல் மாநில அணி சந்தோஷ் கோப்பையையே வென்றது. ஆகவே ஐஸ்வால் எஃப்.சி. பத்துப் பேரை இழந்தால், அடுத்த தெருவில் பதினைந்து பேர் தயார். மைதானம், லீக், பையன்கள் மூன்றும் ஊர்ப் பொதுச் சொத்து. கிளப் சுமந்தது மீதியை மட்டும்.

கோவையில் எல்லாவற்றையும் கிளப்பே சுமந்தது. வீரர்கள் வெளியிலிருந்து வந்தார்கள், வெளியே போனார்கள். நாம் கைதட்டினோம், டிக்கெட் எடுத்தோம், அதற்குமேல் நம் கொங்கு மண்டலம் அந்த அணிக்கு அடியில் எதையும் கட்டித் தரவில்லை. பனியன் உலகமெல்லாம் போகிற ஊரில் பையன்கள் ஆட ஒழுங்கான ஒரு புல்தரை தேட வேண்டியிருக்கிறது. பட்டம் பதினொரு பேர் வாங்கித் தருவார்கள். அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஊர் வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு அடியேனின் விண்ணப்பம் ஒன்று. வருஷா வருஷம் வெள்ளிக்கோப்பையும் பொன்னாடையும் வாங்குகிற தொகையில் பாதியையாவது நம் கல்லூரி மைதானத்துக்கு ஒதுக்குவோம். தண்ணீர் விட்டுப் புல் வளர்ப்போம். ஒரு பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் கொடுப்போம். சுற்று வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளும், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து ஆடட்டும். தலைக்கு இவ்வளவு என்று வரி போடுங்கள். முதல் ரசீதை என் பேருக்கே கிழியுங்கள்.