நம் வீட்டுக் கடிதங்களும் வரலாறே

1811 ஆம் ஆண்டு ஜாவா படையெடுப்புக்கு முன் மலாக்காவில் தங்கியிருந்த ராஃபிள்ஸ், மலாய் அரசர்களோடு ஓயாமல் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அவருக்கு வந்த மலாய்க் கடிதங்களில் ஒரு தொகுதி இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ராஃபிள்ஸிடம் அப்போது எழுத்தராக வேலை பார்த்த சிறுவர்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற முன்ஷி அப்துல்லாஹ். அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணமுடித்தவர். பாட்டியின் பெயர் பெரியாச்சி; மலாக்காவில் சுமார் 200 பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். கணக்குவழக்குக்கு உதவும் என்று அப்துல்லாஹ்வைத் தந்தை தமிழ் படிக்கவும் அனுப்பினார். இவ்வளவும் நமக்குத் தெரிவது, அவரே எழுதி 1849 இல் சிங்கப்பூரில் அச்சிட்ட 'ஹிகாயத் அப்துல்லாஹ்' நூலால்தான்.

ராஃபிள்ஸ் சேர்த்த ஏடுகளில் பெரும்பகுதி தப்பவில்லை. 1824 பிப்ரவரி 2 அன்று பெங்கூலுவிலிருந்து புறப்பட்ட 'ஃபேம்' கப்பல் தீப்பிடித்தபோது எல்லாம் எரிந்துபோயின. அவை கையெழுத்துப் பிரதிகள், அச்சேறாதவை, இனிக் கிடைக்கவே மாட்டா என்று அப்துல்லாஹ் தம் நூலில் வருந்துகிறார். ஒரே பிரதியாக இருக்கும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

அரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எழுத்தர்கள் இருந்தார்கள், கடிதங்கள் தங்கின. நம் பாட்டனார்கள் கடையில் இரவு விளக்கணைக்கும் முன் எழுதிய கடிதங்கள் என்ன ஆயின? கடையநல்லூருக்கும் கூத்தாநல்லூருக்கும் நாகூருக்கும் போனவை அங்கேயே இருக்கின்றன. அங்கிருந்து வந்த பதில்கள் இங்கே, வீவக வீட்டு அலமாரியில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பேச்சு முழுமையாகும். 786 என்று தொடங்கி, அனுப்பிய பணம், சரக்கின் விலை, 'ரஜூலா' கப்பலில் வருபவரிடம் கொடுத்துவிட்ட சாமான், பெண்ணின் நிக்காஹ் என்று விரியும் அவற்றில், அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத நம் வாழ்க்கை இருக்கிறது. சில பாட்டிமார் அரபுத் தமிழில் எழுதினார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வீடு மாறும்போதும், மூத்தவர் மௌத்தான பிறகு அறையை ஒழிக்கும்போதும்தான் இவை குப்பைக்குப் போகின்றன. எனவே குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது சிலவே. கடிதங்களை லேமினேட் செய்ய வேண்டாம். ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். உறையையும் முத்திரையையும் பிரிக்காமல், கட்டி வைத்திருந்த வரிசையிலேயே வையுங்கள். யார் யாருக்கு எழுதியது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். அந்தரங்கமானவை உங்களோடு இருக்கட்டும். பொதுவில் வைக்கத் தக்கவை எவை என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்யட்டும். 1968 இல் தொடங்கிய நம் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தரும் ஆவணங்களையும் ஏற்றுப் பேணுகிறது.

நம் சங்கத்துக்கு 50 ஆண்டு நிறைந்திருக்கிறது. அதன் முதல் கூட்ட அழைப்பிதழும் நன்கொடை ரசீதும்கூட யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். இந்தப் பொன்விழா ஆண்டிலேயே அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.