வேலையாள் செய்த தவறு, உரிமையாளர் தலையில்: டிராக்டர் முதல் ஆலைக் கழிவு வரை

"வண்டியை ஓட்டியது டிரைவர். நான் வீட்டில் இருந்தேன். கேஸ் எப்படி என் பேரில் வரும்?" கும்மிடிப்பூண்டி பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. வரும். உங்கள் ஆள் உங்கள் வேலையில் இருக்கும்போது கவனக்குறைவால் பிறருக்கு நஷ்டம் உண்டாக்கினால், நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு அவரோடு சேர்த்து உங்களுக்கும் உண்டு.

1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கைப் பாருங்கள். உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப்பை ரிப்பேர் முடித்து ஓட்டி வந்த தற்காலிக டிரைவர், நடந்து போனவர் மீது மோதினார், அவர் இறந்துவிட்டார். கலெக்டர் வண்டியிலேயே இல்லை. ஆனாலும் ராஜஸ்தான் அரசு 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஆள் தன் சொந்தக் காரியத்துக்கு வண்டியை எடுத்துப் போனால் நீங்கள் தப்பலாம். ஆனால் அதை நிரூபிப்பது லேசான காரியமில்லை. சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் என்று தெரிந்தே கொடுத்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கட்டிவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கலாம். 18 வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மட்கார்டில் ஆள் ஏற்றுவதை இன்றே நிறுத்துங்கள். டிராக்டருக்கு ஒரே சீட். அதில் தொற்றி வந்தவர் விழுந்தால் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். விவசாயத்துக்கு என்று எடுத்த பாலிசியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றினாலும் இதே கதிதான்.

மருந்து அடிப்பதில் இந்தப் பொறுப்பைப் பலரும் நினைப்பதில்லை. நெல் வயலில் கூலியாள் 2,4-டி களைக்கொல்லி அடிக்கும்போது காற்று வீசினால், பக்கத்து நிலத்துக் கத்தரியும் வெண்டையும் இலை சுருண்டு போகும். "அவன்தான் அடித்தான்" என்று சொல்லி ஒதுங்க முடியாது. எந்த நேரத்தில், எந்த நாசிலில் அடிப்பது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். காற்று அடங்கிய காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வையுங்கள்.

இதே சட்டம் உங்களைக் காக்கவும் செய்யும். ஆலையின் வால்வைத் திறந்தவர் ஒப்பந்தக் கூலியாள், கழிவை ஏரிக்கால்வாயில் கொட்டியவர் டேங்கர் டிரைவர் என்று நிர்வாகம் கைகழுவ முடியாது. வேலூர் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996 தீர்ப்பில், மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்து நிலத்தையும் சீர்செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலைதான் பதில் சொல்ல வேண்டும். எந்த ஊழியர் செய்தார் என்று நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஆனால் ஆதாரம் வேண்டும். தண்ணீர் நிறம் மாறிய அன்றே டேங்கர் எண்ணோடு படம் எடுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர்களே வந்து மாதிரி எடுத்தால்தான் வழக்கில் எடுபடும். அடங்கலில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். மண் மாதிரி கெட்ட பகுதியில் ஒன்று, அதே நிலத்தில் கெடாத பகுதியில் ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நஷ்டம் கழிவால் வந்ததா என்று எங்களாலும் சொல்ல முடியும்.