அடங்காப் பிள்ளையும் கணிதக் குளிசையும்

“குளிசை போட்டால் இருந்து படிக்கிறான், சேர். ஆனால் பின்னேரமானால் அவன் என்ர பிள்ளை இல்லை.”

லிங்கநகரில், துறைமுகத்து உப்புக்காற்று வந்து போகும் ஒரு சிறு முற்றத்தில், ஒரு தாய் என்னிடம் இவ்வாறு கூறினார். மகன் நான்காந்தரத்தில் படிக்கிறான். வைத்தியர் அவனைச் சோதித்து, அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு என்று கண்டு, மெதில்பெனிடேற்று என்னும் குளிசையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றுமுதல் அவனுடைய கொப்பியில் கணக்குகள் இறுதிவரி வரை செய்யப்பட்டிருக்கின்றன. அன்றுமுதலே, பொழுது சாயும் வேளையில் தங்கை பென்சிலைத் தொட்டால் அழுகை. சோற்றுக் கோப்பையை நகர்த்தினால் கூச்சல். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை. குளிசையை நிறுத்துவதா, தொடர்வதா?

சுற்றத்தார் ஒரு விடை வைத்திருந்தனர்: குழப்படிக்காரன், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடுவான். படித்த நண்பர்கள் வேறொரு விடை வைத்திருந்தனர்: இந்நோயே மருந்துக் கம்பனிகள் உண்டாக்கிய பொய். இரண்டாவது விடையை நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் இக்குளிசை பிறந்து வளர்ந்த கதையை ஆராயுமிடத்து, இரு விடைகளும் அந்தத் தாயின் மாலைப்பொழுதைக் காணத் தவறியவை என்பது புலனாகின்றது.

அமைதியற்ற பிள்ளை புதிதாகத் தோன்றியவனல்லன். ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட நூலிலேயே, ஒரு பொருளில் மனத்தை நிறுத்த மாட்டாத சிறுவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902இல் இலண்டன் வைத்தியக் கல்லூரியில் ஜோர்ஜ் ஸ்டில் என்பார் நிகழ்த்திய விரிவுரைகளே இத்துறையில் பெரிதும் பேசப்படுவன. அறிவிற் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளை அவர் விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு’. வைத்தியன் வாயிலும் நீதிபதியின் சொல்லே வந்தது. பிள்ளை நோயாளியாகு முன்னரே குற்றவாளியாகிவிட்டான். ‘இரண்டு அடி போட்டால் சரி’ என்னும் நம் சுற்றத்தாரின் தீர்ப்புக்கும் அப்பெயருக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமன்று.

முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மூளையழற்சி நோயொன்று உலகெங்கும் பரவிற்று. பிழைத்த பிள்ளைகளுட் பலர் முன்போலிருக்கவில்லை. ஓயாத துடியாட்டமும் திடீர்ச் சினமும் அவர்களைப் பற்றிக்கொண்டன. நல்லொழுக்கம் கற்ற பிள்ளை ஒரு காய்ச்சலால் இப்படி மாறுவானாயின், குற்றம் ஒழுக்கத்திலா, மூளையிலா என்ற கேள்வி அப்போதுதான் உரத்து எழுந்தது.

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு செல்வந்தரின் ஒரே மகளும் ஏழு வயதில் மூளையழற்சியால் தாக்குண்டாள். எமா பென்டில்டன் பிராட்லி என்னும் அச்சிறுமியின் பெயரால், பெற்றோர் விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டு, 1931இல் சிறுவர்க்கென ஒரு மனநல இல்லம் திறக்கப்பட்டது. இக்கதையின் நடுத்தூண் அந்த இல்லமே. அங்கே பிள்ளைகள் மாதக்கணக்கில் தங்கினர். பாடசாலையும் அதனுள்ளேயே இருந்தது. காலையில் எழுவது முதல் இரவில் உறங்குவது வரை தாதியரும் ஆசிரியரும் அவர்களைக் கவனித்துக் குறித்து வந்தனர்.

அங்கு பொறுப்பிலிருந்த சார்ல்ஸ் பிராட்லி, மூளையைப் படம்பிடிக்கும் சோதனைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட தலைவலிக்காக பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலிக்குப் பெரும் பயனில்லை. ஆனால் சில பிள்ளைகள் வகுப்பறையில் முற்றிலும் மாறிவிட்டனர் என ஆசிரியர்கள் வந்து சொன்னார்கள். 1937இல் அவர் முப்பது பிள்ளைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பதினான்கு பேரின் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் தென்பட்டது. பிள்ளைகளே அதற்குக் ‘கணிதக் குளிசை’ என்று பெயரிட்டனராம். எஞ்சியோர் எல்லாரும் ஒரே விதமாக மாறவில்லை என்பதையும் பிராட்லி மறைக்கவில்லை.

நான் இங்கே வாசகரை நிறுத்த விரும்புகிறேன். அக்கண்டுபிடிப்பைச் செய்தது மருந்து மட்டுமா? ஆசிரியரின் கண்ணும் தாதியின் குறிப்பேடும் இல்லாதிருந்தால், தலைவலிக்கு உதவாத மருந்தென அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். நாள் முழுவதும் கவனிக்கும் ஒரு வீட்டிலேதான் அது பிறந்தது. பின்னாளில் உலகெங்கும் சென்றது குளிசை. அந்த வீடு உடன் செல்லவில்லை.

சில ஆண்டுகளில் அதே இன மருந்துகள் போர்முனைக்குச் சென்றன. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் ஜேர்மன் படையினருக்கு மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ஊக்கக் குளிசைகள் வழங்கப்பட்டன. பிரித்தானியப் படைகளும் பென்செட்ரினைப் பயன்படுத்தின. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அந்தப் போரிலேதான் மனிதனை உறங்கவிடாது வேலைவாங்கும் பொருளாக இம்மருந்து பெருமளவில் பழகியது. பிள்ளையைப் படிக்கவைத்த பொருளும் படைவீரனை விழித்திருக்க வைத்த பொருளும் ஒரே குடும்பம்.

1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசொன் என்னும் இரசாயன அறிஞர் மெதில்பெனிடேற்றைத் தொகுத்தார். மனைவி மார்கரீற்றின் செல்லப்பெயர் ரீற்றா; அப்பெயராலேயே மருந்து ‘ரிற்றலின்’ ஆயிற்று. 1954இல் அது விற்பனைக்கு வந்தபோது களைப்பும் சோர்வும் உற்றோருக்கான மருந்தாக வந்தது. பிள்ளைகள் பின்னரே அதன் வாடிக்கையாளராயினர். ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறேன். 1970இல் ஒமாகா நகரப் பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப்பேர் இத்தகைய மருந்துண்பதாக ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுத, அந்நாட்டுக் காங்கிரசிலே விசாரணை நடந்தது. அந்த எண்ணிக்கை மிகையானது என்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும் நெரிசலான வகுப்பறையைச் சீர்திருத்துவதை விடப் பிள்ளையை அடக்குவது மலிவு என்னும் எண்ணம் மிகையன்று. அது அங்கும் இருந்தது, இங்கும் இருக்கிறது.

ஆனால் அதனால் அந்தப் பிள்ளையின் துன்பம் பொய்யாகிவிடுமா? ஒரு வசனத்தை முடிக்குமுன் மனம் நழுவி, நாள்தோறும் ஏச்சு வாங்கி, தன்னை முட்டாள் என்றே நம்பத் தொடங்கும் சிறுவனுக்கு நம்முடைய அரைகுறை அரசியல் எவ்வித உதவியும் செய்யாது.

1999இல் அமெரிக்காவில் ஒரு பேராய்வின் முடிவுகள் வெளியாயின. ஏழு வயது முதல் ஒன்பது வயது வரையான 579 பிள்ளைகள், பதினான்கு மாதங்கள். கவனமாகக் கொடுத்த மருந்து, பயிற்சி முறைகளை மட்டும் கையாண்டதிலும் அதிகப் பயன் தந்தது. பலரும் விட்டுவிடும் பகுதி இனித்தான் வருகிறது. ஊரில் வழமைபோல வைத்தியம் பெற்ற பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினரும் மருந்து உண்டவர்களே. ஆயினும் அவர்கள் அந்த அளவு முன்னேறவில்லை. ஆய்வின் வைத்தியர்களோ மாதந்தோறும் பிள்ளையைக் கண்டனர், ஆசிரியரின் குறிப்பைக் கேட்டனர், அளவை மெல்ல மெல்ல மாற்றினர். மருந்துடன் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பயிற்சி அளிக்கப்பட்ட இடத்தில் குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின் அந்த வேறுபாடுகள் மங்கிவிட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

இனி அந்தத் தாயின் மாலைப்பொழுது. சாதாரண மெதில்பெனிடேற்றுக் குளிசையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரமே. காலை ஏழு மணிக்கு விழுங்கினால், ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலையின் முற்பகுதிக்கு அது துணை. பதினொன்றுக்கு அது இறங்கிவிடும். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு, மாலை ரியூசனுக்காக இரண்டாவது குளிசை உண்டால், பொழுது சாயும் வேளையில் அதுவும் இறங்கும். அவ்வாறு இறங்கும்போது அடங்கியிருந்த துடிப்பு மீளெழுந்து, சினமாகவும் கண்ணீராகவும் வெளிப்படுவதுண்டு. குளிசை உச்சத்திலிருக்கும் வேளையில், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், பிள்ளை வாடிச் சிணுங்குவானாயின் அளவு மிகுதியோ என்ற ஐயம் எழவேண்டும். நாள் முழுவதும் சிடுசிடுப்பாயின், மருந்தே பொருந்தவில்லையா அல்லது வேறு துயர் உண்டா என்று பார்க்கவேண்டும். பசியையும் மறந்துவிடலாகாது, இம்மருந்து பசியை அடக்கும். கட்டிக்கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்த நாளில் மாலைச் சண்டை பெரிதாயிருப்பதில் வியப்பென்ன?

பாடசாலை செல்லும் வயதை எட்டாத சிறாரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், பக்கவிளைவுகளால் நூற்றுக்குப் பதினொருவர் அளவில் மருந்தை விட்டுவிட்டனர். திடீர் உணர்ச்சிக் கொதிப்பும் எரிச்சலும் அவ்விளைவுகளில் முன்னின்றன. அம்பெற்றமின் இனம் எரிச்சலைக் கூட்டுவதும், மெதில்பெனிடேற்று சராசரியில் அதைக் குறைப்பதும் பின்வந்த தொகுப்பாய்வுகளில் தெரிந்தது. சராசரி அந்த முற்றத்துப் பிள்ளையன்று என்பது உண்மையே. இன்னொன்றும் உண்டு. மருந்தில்லாத போலிக் குளிசை கொடுத்த நாட்களிலும் பெற்றோர் சிடுசிடுப்பைக் குறித்திருக்கின்றனர். அதாவது, நாம் மருந்தின் மேற் போடும் பழியில் ஒரு பகுதி மருந்துக்கு முன்னரே வீட்டிலிருந்தது. உறக்கமின்மை, பயம், ஓயாத ஏச்சு இவையும் பிள்ளையைக் கவனமற்றவனாக்கும். போரும் 2004இன் கடற்கோளும் கண்ட நம் கரையில் அச்சத்தைத் துடியாட்டமென்று பிழையாக வாசித்த ஆசிரியர் இல்லாமலில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் நிறுத்துங்கள் என்றோ தொடருங்கள் என்றோ நான் சொல்லவில்லை. அது வைத்தியரின் பொறுப்பு. அவருக்கு மருந்தின் அளவை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், நீண்ட நேரம் வேலைசெய்யும் வகைக்கோ வேறொரு மருந்துக்கோ மாறலாம். ஆனால் கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் ‘பின்னேரம் கோபப்படுகிறான்’ என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பழைய கொப்பியொன்றை எடுத்துக் கோடு போட்டோம்: குளிசை விழுங்கிய நேரம், உண்ட சோறு, உறங்கிய நேரம், சினம் வந்த நேரம், அப்போது நடந்தது. பகலுக்கான பக்கத்தை வகுப்பாசிரியை நிரப்பச் சம்மதித்தார். ரியூசனை ஒரு வாரம் நிறுத்துவதென்றும், பள்ளி விட்டு வந்ததும் பாடத்துக்கு முன் சோறு என்றும், வீட்டுக் கணக்கைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி இடையில் முற்றத்தில் ஓடவிடுவதென்றும் முடிவாயிற்று.

பன்னிரண்டு நாட்களின் பின் அந்தக் கொப்பியைப் பார்த்தேன். சினம் என்ற நிரலில் ஒன்பது நாட்கள் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே விழுந்திருந்தன. அந்த ஒன்பதில் ஏழு நாட்களில் மத்தியானச் சோறு ‘பாதி’ என்றிருந்தது. ஒரு பக்கத்தின் மூலையில், கோணல் எழுத்தில், பையனே எழுதியிருந்தான்: ‘இன்றைக்கு நான் கத்தவில்லை. தங்கச்சிதான்.’ அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. கொப்பியைத் தாய் ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.