கொந்தராத்து ஆருக்கு?

பிரதேச சபை ஒரு ரோட்டுக்குக் காசு ஒதுக்கினால் எங்கட ஊர்களில் முதலில் வருகிற கேள்வி இதுதான். பிரித்தானியாவும் இதே கேள்வியில் ஒருமுறை நல்லா அடிபட்டது.

சபையின் ஒப்பந்தத்தில் தனக்குப் பண லாபம் இருந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு, வாக்களிக்காமல் விலக வேண்டும் என்று அங்கே 1933ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆனாலும் 1960களில் ஜோன் போல்சன் என்ற கட்டடக் கலைஞர், நியூகாசில் நகரசபையின் தலைவராயிருந்த டி. டான் சிமித்தைப் பிடித்து, பல ஊர்ச் சபை உறுப்பினர்களுக்கு 'ஆலோசகர்' என்ற பெயரில் காசு கொடுத்து வேலைகளை எடுத்தார். 1972இல் போல்சன் வங்குரோத்தாகி, அவருடைய கணக்குகள் நீதிமன்றத்தில் விரிந்தபோதுதான் ஊருக்கு விளங்கியது. 1974இல் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

விதி இருந்தது, அது உறுப்பினரின் வாயை மட்டும் நம்பியிருந்தது. நலன்களைக் கட்டாயமாகப் பதிய வைக்க வழிசெய்த சட்டம் 1989இல்தான் வந்தது.

எங்கட 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் உறுப்பினரிடம் சொத்து விபரம் கேட்கிறது. ஆனால் கொந்தராத்து எடுத்த மச்சான் அந்தப் படிவத்தில் இருக்கமாட்டார். ஆகவே 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொந்தராத்துப் பட்டியலை நாங்கள்தான் கேட்க வேண்டும். ஆர் ஆருக்கு மச்சான் என்பது ஊருக்குத் தெரியும்தானே.